தமிழ் படித்த பெண்ணுக்குக் கணினி வேலை

மகள் தமிழோ வரலாறோ படிக்கிறாள் என்றால், “முடிச்சுட்டு என்ன பண்ணப் போறா?” என்று கேட்காத உறவினர் இல்லை. காரைக்காலில் கேட்டால், ஊரையே காட்டிப் பதில் சொல்லலாம்.

1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. நடுவில் சிலமுறை ஆங்கிலேயர் பிடித்தாலும், 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதுவரை பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பிரெஞ்சு முறையில் பதிவாயின. அந்தப் பழைய பதிவேடுகள் பலவற்றின் படங்களை, பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள அரசு ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

படம் இருந்தால் போதுமா? ‘முருகையன்’ என்பதில் ‘மு’வை ஆங்கிலத்தில் எம்-யு என்று எழுதுவோம், பிரெஞ்சில் எம்-ஓ-யு. ஒரே மனிதர் மூன்று பதிவில் மூன்று விதமாக இருப்பார். பேரன் தேடினால் தாத்தா கிடைக்க மாட்டார். குடியுரிமைக்கும் சொத்துக்கும் பழைய பதிவு தேடும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

கையெழுத்தைப் படித்து, பெயர்களை ஒப்பிட்டு, தேடினால் கிடைக்கும்படி கணினியில் அடுக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்தப் படிப்புக்குப் பெயர்தான் ‘டிஜிட்டல் ஹ்யூமானிடீஸ்’. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டத்தோடு சில பாடங்கள் கூடுதலாகப் படித்து இதில் சான்றிதழ் பெறலாம். நம் நாட்டில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் முதுகலை டிப்ளமோவாகவும், ஜோத்பூர் ஐ.ஐ.டி. முதுநிலைப் பட்டமாகவும் நடத்தி வந்திருக்கின்றன. இந்த ஆண்டு சேர்க்கை உண்டா, கட்டணம் எவ்வளவு என்று நேரில் விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. செய்து காட்டிய வேலையும் கையில் இருக்க வேண்டும்.

அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். காரைக்கால் அம்மையாரின் பாடல்களை இன்று கைப்பேசியில் படிக்க முடிவது இப்படிப்பட்ட உழைப்பால்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரமோ கடிதமோ இருக்கிறதா? பகல் வெளிச்சத்தில், மடிப்பை அழுத்தாமல், ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று பட்டியல் போடட்டும். தாத்தா பெயரின் சரியான உச்சரிப்பைப் பாட்டியிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அது எந்தக் காப்பகத்திலும் கிடைக்காது.