குழந்தையின் வளைந்த கை: நேராக்கினால் மட்டும் போதுமா?

பிறந்த குழந்தையின் ஒரு கை மணிக்கட்டோடு மடங்கி இருக்கிறது. கட்டைவிரலும் இல்லை. வீட்டில் முதல் கேள்வி அம்மாவிடம்தான்: "கிரகணத்துல வெளிய போனியா?" அடுத்தது டாக்டரிடம்: "ஆபரேஷன் பண்ணா கை நேராயிடுமா?"

முதல் கேள்வி முழுத் தப்பு. இரண்டாவது, பாதிதான் சரி.

என்ன நடக்கிறது?

முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. ரேடியஸ் குட்டையாகவோ இல்லாமலோ போனால், மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் முட்டு இருக்காது. கை கட்டைவிரல் பக்கம் சாய்ந்துவிடும். இதன் பெயர் 'ரேடியல் கிளப் ஹேண்ட்'. கரு உருவான முதல் சில வாரங்களிலேயே இது நடந்துவிடுகிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கத்திக்கு முன்னால்...

இந்தக் குழந்தைகளில் பலருக்கு இதயம், சிறுநீரகம், ரத்தம் ஆகியவற்றிலும் கோளாறு இருக்கலாம். அதனால் எக்கோ, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முதலில் முடிய வேண்டும். 'ஃபான்கோனி அனீமியா' என்ற ரத்த நோய், கையில் தெரிந்து பல வருஷம் கழித்தே ரத்தத்தில் தெரியலாம். அதற்குத் தனியாக குரோமோசோம் பரிசோதனை உண்டு. கையை மட்டும் பார்த்தால் உயிரைக் கோட்டைவிட நேரும்.

சிகிச்சை எப்படி?

பிறந்த சில நாட்களிலேயே தசைகளை மெல்ல நீட்டிவிடும் பயிற்சியும், ஸ்ப்ளின்ட்டும் தொடங்கும். பொதுவாக ஒரு வயதையொட்டி, மணிக்கட்டை அல்னாவின் மேல் நிறுத்தும் அறுவை சிகிச்சை. பிறகு, தேவைப்பட்டால், ஆள்காட்டி விரலையே கட்டைவிரலாக மாற்றி அமைப்பார்கள்.

ஆனால், குழந்தை வளர வளரக் கை மறுபடி வளைவது சகஜம். முன்கை குட்டையாகவே இருக்கும். இதை ஆபரேஷனுக்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. முழங்கை மடங்காத குழந்தைக்கு, அந்த வளைந்த மணிக்கட்டுதான் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறது. அதை நேராக்கினால் போட்டோவில் அழகாக இருக்கும். சாப்பிட வேறொருவர் ஊட்ட வேண்டும். அதனால்தான் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு டாக்டர்கள் இந்த ஆபரேஷனைத் தவிர்க்கிறார்கள்.

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது "எப்போ நேராகும்?" என்பதல்ல. "இந்தக் கையால என் பிள்ளை தானா சாப்பிடுமா, பட்டன் போடுமா, பேனா பிடிக்குமா?" சில குழந்தைகளுக்கு அதற்கு வழி ஆபரேஷன். சில குழந்தைகளுக்கு, கையை அப்படியே விட்டு வைப்பதுதான் நல்ல சிகிச்சை.