மருத்துவரின் கண்ணை அளக்கும் கருவி

“அறுவை செய்யப்போகும் மருத்துவருக்கு இதில் நல்ல கைப்பழக்கம் உண்டா?” நத்தத்திலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் வரும் உறவினர் பலர் இதை மருத்துவரிடம் கேட்கத் தயங்கி, செவிலியரிடம் தாழ்ந்த குரலில் விசாரிக்கின்றனர். தயங்க வேண்டியதில்லை, நியாயமான கேள்விதான். செய்து முடித்த அறுவைகளின் எண்ணிக்கையும் மூத்தவர்களின் மதிப்பீடுமே இதுவரை அதற்கு விடையாக இருந்தன. இப்போது மருத்துவரின் விழியசைவையும் அளக்க முடிகிறது.

கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி விழியில் பட்டுத் திரும்புவதைச் சிறு கேமரா பதிவு செய்கிறது. பார்வை எந்த நொடியில் எங்கே நின்றது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், லேப்ராஸ்கோப்பி அறுவையைப் போன்ற கணினிப் பயிற்சியில் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் தொடவேண்டிய இடத்தையே நோக்கியிருந்தனர். புதியவர்களின் கண்ணோ கருவியின் நுனியைப் பின்தொடர்ந்தது. நம் ஊர்ப் பூட்டுப் பட்டறைகளை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. கைதேர்ந்தவர் அரத்தையா பார்த்துக்கொண்டிருக்கிறார்?

ஆயினும், இந்த அளவீட்டைக் கொண்டே ஒருவரைத் தேர்ந்தவர் என முத்திரையிடுவதை நாங்கள் ஏற்கவில்லை. பித்தப்பை சுற்றிலும் ஒட்டிக்கிடக்கும்போது சிறுதுளை வழியே தொடர்வதா, வயிற்றைத் திறந்துவிடுவதா என்று முடிவெடுக்கும் தெளிவை அது காட்டாது. தக்க நேரத்தில் மூத்தவரை அழைக்கும் பணிவு எந்தக் கேமராவிலும் பதிவாவதில்லை. நோயாளி பிழைப்பதும் வருந்துவதும் பல வேளைகளில் அங்கேதான் முடிவாகிறது.

கருவிக்கு உரிய இடம் பயிற்சிக்கூடம். தேர்ந்தவரின் பார்வைத் தடத்தைக் காட்டிக் கற்பித்தபோது புதியவர்கள் விரைந்து கற்றதை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். திண்டுக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்குப் பயில்வோரில் சிலர் நாளை நம் பிள்ளைகளுக்கு அறுவை செய்யக்கூடும். நோயாளியைத் தொடுமுன் அவர்கள் மாதிரி உருவில் பழகும் காலத்தில் இக்கருவி உடனிருந்தால், “கை தடுமாறுகிறது” என்பதோடு நில்லாமல், அப்போது கண் எங்கே போயிற்று என்பதையும் ஆசிரியர் சுட்டிக்காட்டலாம். விலை மிகுந்ததுதான், தவறிய அறுவையின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று.

அதுவரை, ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் கேளுங்கள்: அறுவை செய்பவர் யார், இதே அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறார், பயிற்சி மருத்துவர் பங்கேற்றால் மூத்தவர் அருகிலிருப்பாரா? விடை சொல்வது மருத்துவரின் கடமை.