ஊசி குதிரைக்கு... உயிர் டாக்டருக்கு!

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு குதிரைன்னா 'ஹார்ஸ் பவர்' மட்டும்தான். இந்த வாரம் நிஜக் குதிரை மேட்டர்!

1994 செப்டம்பர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹெண்ட்ரா என்ற ஏரியா. அங்கே ஒரு ரேஸ் லாயத்தில் குதிரைகள் மூச்சுத் திணறி, மூக்கில் நுரை தள்ளி அடுத்தடுத்து சரிந்தன. அவற்றைக் கவனித்த பயிற்சியாளர் விக் ரெயிலும் இறந்துபோனார். காரணம், அதுவரை யாரும் பார்க்காத ஒரு வைரஸ். அதுக்கு ஏரியா பேரையே வெச்சுட்டாங்க. 2018-ல் கேரளாவை மிரட்டிய நிபா, இதோட பங்காளி!

வைரஸின் சொந்த வீடு, பழந்தின்னி வவ்வால். அதுக்கு ஒண்ணும் ஆகாது. வவ்வாலின் சிறுநீர் பட்ட புல்லைக் குதிரை மேய்ந்தால் வந்தது வினை. வைரஸ் மேல இருக்கிற 'ஜி' புரதம் கள்ளச்சாவி மாதிரி. ரத்தக்குழாய் செல்களைத் திறந்து உள்ளே புகுந்துடும். குழாய் கசிந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கும்.

இதுவரை இந்த நோய் வந்த மனிதர்கள் 7 பேர். ஏழு பேருக்குமே குதிரையிடமிருந்துதான் தொற்றியது. இறந்த 4 பேரில் 2 பேர் கால்நடை டாக்டர்கள்!

2012-ல் தடுப்பூசி வந்தது. மனுஷனுக்கு இல்லீங்க, குதிரைக்கு! அதில் வைரஸ் கிடையாது. அந்தச் சாவியின் நகல் மட்டும்தான். குதிரையின் உடம்பு அதைப் பார்த்து உஷாராகிடும். அப்புறம் வைத்தியம் பார்க்க வர்ற டாக்டருக்கும் ஆபத்து குறையும்.