மாடு மேய்க்கப் படிக்கிறார்கள்

"நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு." சேரியிலிருந்து பள்ளிக்கூடம் போன பெரும்பாலோர் இந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் வந்திருக்கிறோம். இன்று அதே மாடு மேய்ப்பைக் கற்றுக்கொடுக்கக் கட்டணப் பயிற்சி நடக்கிறது. 'மறுஉயிர்ப்பு மேய்ச்சல்' என்று பெயர். நான் போய்ப் பார்த்த ஒன்றில், நகரத்தில் சம்பாதித்து கிராமத்தில் நிலம் வாங்கிப்போட்டவர்களும் தோப்புக்காரர்களும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சாணியை விரலால் கிளறி வண்டு இருக்கிறதா என்று காட்டினார்கள். தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த பெண்ணைப் பாடம் கேட்க யாரும் கூப்பிடவில்லை.

எகத்தாளம் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். தோழர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். "மாட்டை விட்டு வெளியே வரத்தான் நாம படிச்சோம், திரும்ப மாட்டுகிட்டயே போகச் சொல்றியா" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். கோபம் நியாயமானது. ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்த விஷயம் பொய்யில்லை. நமக்குச் சம்பந்தமில்லாததும் இல்லை.

மாடு கடித்ததால் மட்டும் புல் செத்துப்போவதில்லை. துளிர்த்து வரும்போது மறுபடி மறுபடி கடித்தால்தான் சாகிறது. இலை போனதும் வேரிலும் ஒரு பகுதி காய்ந்துவிடும். சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் புல் அடுத்த இலையை விடுகிறது. அந்தக் கடனை அடைக்க அதற்கு நாள் வேண்டும். மழைக்காலத்தில் சில வாரம், காய்ச்சலில் மாதக்கணக்கு. ஆகவே எத்தனை மாடு என்பது மட்டும் கணக்கல்ல. ஒரே துண்டில் எத்தனை நாள் நிற்கிறது, திரும்ப எப்போது வருகிறது என்பதும் கணக்கு. பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வொய்சின் 1957-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். மந்தையை நெருக்கமாக ஓட்டி, குறுகிய காலம் மேய்த்து, நீண்ட ஓய்வு கொடுத்தால், குளம்பு பட்டு மேல்மண் ஓடு உடைகிறது, தாள் மிதிபட்டு மூடாக்காகிறது, சாணமும் மூத்திரமும் அங்கேயே விழுகிறது. உயிருள்ள வேர் கசியவிடுவதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மண் பொலபொலப்பாகி, ஓடிப்போகும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

இந்த முறையை உலகம் பூராவும் பரப்பியவர் ஆலன் சேவரி. இன்று ஜிம்பாப்வே என்கிற அன்றைய ரொடீசியாவில் பிறந்த வெள்ளைக்காரர். 2013-இல் அவர் பேசிய பேச்சு ஒன்று பிரபலம்: கால்நடையைக் கொண்டே பாலைவனமாதலை நிறுத்தலாம், காற்றிலுள்ள கரியையும் மண்ணுக்குள் இறக்கலாம் என்றார். இரண்டாவது பாதியை அப்படியே நம்பவேண்டியதில்லை. 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வறிக்கை, மேய்ச்சல் மண்ணில் சேரக்கூடிய கரி, அந்தக் கால்நடைகளே வெளிவிடும் வாயுவில் 20 முதல் 60 சதவீதத்தைத்தான் ஈடுகட்டும், அதுவும் நல்ல சூழ்நிலையில்தான் என்றது. பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று கரி வியாபாரத்துக்கு வருகிற கம்பெனிகளிடம் இந்த எண்ணைக் கேளுங்கள்.

ரொடீசியாவில் எனக்குப் பட்டது வேறு. 1930-ஆம் ஆண்டு நிலப் பங்கீட்டுச் சட்டத்தில், கைப்பிடியளவே இருந்த வெள்ளையர்களுக்கு ஏறத்தாழ பாதி நாடு போனது. கறுப்பர்களை ஒதுக்குநிலங்களில் அடைத்தார்கள். அடைத்த இடத்தில் மாடு நெருக்கியடித்துப் புல் தீர்ந்ததும், "இவர்கள் அளவுக்கு மீறி மேய்க்கிறார்கள், மண்ணைக் கெடுக்கிறார்கள்" என்று 1951-இல் இன்னொரு சட்டம் போட்டு அவர்கள் மாடுகளைக் குறைக்கச் சொன்னார்கள். நகர்ந்து மேயத்தான் நிலம் வேண்டும். நகர வழியில்லாதவனுடைய மாடு நின்ற இடத்திலேயேதான் கடிக்கும். அதற்குப் பெயர் அறியாமையா?

நம் பக்கம் வருவோம். காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காட்டைப் பார்த்தவர்களுக்கு மறுஉயிர்ப்பு மேய்ச்சல் புதிதாகத் தோன்றாது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பட்டா நிலம், யார் பட்டா என்பது கொங்குநாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கவலை இறைத்த காலத்தில் அதற்கான தோலைப் பதமிட்டுத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். செத்த மாட்டை இழுத்துப் போனவர்களும் அவர்களே. 'மரபு அறிவு' என்று இன்று எழுதப்படும் கட்டுரைகளில் கொரங்காடு வருகிறது, காங்கேயம் காளை வருகிறது. இந்தக் கைகள் வருவதில்லை.

பயிற்சியில் யாரும் வாயைத் திறக்காத இன்னொன்று கிழட்டு மாடு. மேய்ச்சல் கணக்கு சரியாக நிற்கவேண்டுமென்றால் கறவை வற்றியதும் உழைப்பு ஓய்ந்ததும் மந்தையைவிட்டு வெளியேறவேண்டும். விற்றால்தான் அடுத்த கன்றுக்குக் காசு. 2017 மே மாதம் மத்திய அரசு சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்பதைத் தடுத்து விதி கொண்டுவந்தது. மதுரைக் கிளையும் பிறகு உச்ச நீதிமன்றமும் அதை நிறுத்தி வைக்காமல் இருந்திருந்தால், கிழட்டு மாட்டுக்கும் சேர்த்துப் புல் தேடவேண்டியவர்கள் யார்? பசு புனிதம், சாணம் புனிதம், தோலை உரித்தவன் மட்டும் தீட்டு. 2016-இல் குஜராத் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்கிருந்து எழுந்த முழக்கம், "மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள்." குடும்பத்துக்கு 5 ஏக்கர் கேட்டார்கள்.

ஒரு மாடு 30 ஏக்கருக்குப் போதும் என்று இயற்கை விவசாய மேடைகளில் பாலேக்கர் வழியில் சொல்கிறார்கள். நம்மாளுங்க கதை தலைகீழ். மாடு இருக்கு, ஏக்கர் எங்கே? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பயிராகும் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது நூற்றுக்கு 9-கூட இல்லை. வங்கிக் கவுண்டரில் நான் தினம் பார்ப்பதும் இதைத்தான். கறவை மாட்டுக் கடன் கேட்டு ஒரு அக்கா வருவார். "தீவனத்துக்கு நிலம் இருக்காம்மா?" என்ற கேள்வி படிவத்திலேயே அச்சடித்திருக்கும். "வரப்புல அறுத்துக்குவேன் சார்" என்பார். வரப்பு யாருடையது? புல்லறுக்கப் போன பெண்கள் பட்ட வசவும் அடியும் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. அவர் வீட்டு எருவோ குப்பை வண்டியில் ஏறி அடுத்தவர் வயலுக்குப் போகிறது. வளம் ஏறும் மண் ஒருவருக்கு, அதைச் சுமந்த தலை இன்னொருவருக்கு.

ஆகவே மண் நலம் என்று பேசுகிறவர்களிடம் நாம் மண் யாருடையது என்று முதலில் கேட்கவேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் பெரும்பகுதி கைமாறிப்போனது. அதைக் கேட்டதற்காக 1994-இல் காரணை நிலப் போராட்டத்தில் இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பஞ்சமி மீட்பு நம் முதல் கோரிக்கை, அதில் மாற்றமில்லை. ஆனால் மேய்க்கால் புறம்போக்கை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் அபிப்பிராயம். பதிவேட்டில் மேய்க்கால் என்றிருக்கும். போய்ப் பார்த்தால் யாரோ ஒருவருடைய தென்னையோ கல்குவாரிக் குப்பையோ கிடக்கும். 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. அதே தீர்ப்பு நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு அறிவிப்பின் மூலம் குத்தகைக்கு விட்ட இடத்துக்கு விலக்கு தரலாம் என்றும் சொன்னது. முதல் பாதியைக் காட்டிக் குடிசைகளை இடிக்க வருகிறார்கள். இரண்டாவது பாதியைப் படித்துக்காட்ட நம் மாணவர்களுக்குத் தெரியவேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அதே மேய்க்காலில்தான் நம் ஜனங்கள் வீட்டுமனை கேட்கிறார்கள். கூரை வேண்டியவனிடம் புல்லைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. மனை எங்கே, மேய்ச்சல் எங்கே என்பதை நிலமற்றவர்களே உட்கார்ந்து பிரித்துக்கொள்ளட்டும். மிஞ்சுகிற நிலம் தலித் பெண்கள் குழுக்களுக்குக் கூட்டாக, நீண்டகாலக் குத்தகைக்கு வரவேண்டும். பத்து ஏக்கரை எட்டாகப் பிரித்து மாற்றி மேய்த்தால், கட்டாந்தரையில்கூட மழை பெய்தால் புல் திரும்ப வழியிருக்கிறது. அப்போது அந்தப் பயிற்சியை நாமும் படிப்போம், பயிற்றுவிப்பவர்களாகவும் போவோம்.

இந்த இதழைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை. ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டு நகல் கேளுங்கள். கொடுக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மேய்க்கால் என்று எழுதியிருக்கும் சர்வே எண், பரப்பு, இப்போது அதில் நிற்பது என்ன, இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடு மேய்த்த தாத்தா பாட்டி உயிரோடிருந்தால் எந்தப் புல்லை எந்த மாதம் மாடு தின்னும், எதைத் தின்னாது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்கிற பெயரிலேயே எழுதுங்கள். வந்ததை அடுத்த இதழிலிருந்து ஊர்வாரியாகப் போடுகிறோம்.