வாசலைத் திறக்குமுன் முகவரியைப் பாருங்கள்

ஹட்டன் கடையின் கடன் கணக்கு முழுவதும் ஒரு கணினியில் இருக்கிறது. சரக்கெடுக்கக் கொழும்பு சென்றால், புறக்கோட்டையிலிருந்தே அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நிலுவை தெரியாமல் மொத்த வியாபாரியிடம் எப்படிப் பேசுவது? கணினி திருத்தும் தம்பி மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் கூலி வாங்கினார். "நானா, 3389ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டேன், இனிப் பிரச்சினையில்லை" என்றார். கொழும்பில் ஒன்றும் திறக்கவில்லை.

மலையகத்தவருக்கு இது எளிதில் விளங்கும். நமது தோட்டங்களில் பல லய வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, கந்தோரிலிருந்துதான் லயத்துக்குப் போகும். (அந்த அநியாயத்தைத் தனியே எழுத வேண்டும்.) ரவுட்டரும் அப்படியொரு கந்தோர்தான். 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் கடைக்குள் மட்டுமே செல்லும். வெளியிலிருந்து வருவதை எந்தக் கணினியிடம் கொடுப்பது என்று ரவுட்டருக்கு எழுதி வைப்பதே போர்ட் போவர்டிங்.

தம்பி எழுதியது சரிதான். ஆனால் எமது ரவுட்டரின் வெளிமுகவரியே 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தது. ஆசிய பசிபிக் பிராந்தியத்தில் 2011 ஏப்ரலில் பழையவகை முகவரிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பங்கிடுவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. கந்தோருக்கே முகவரி இல்லாதபோது கடிதம் எப்படி வரும்?

ஆகவே அடுத்த கூலியைக் கொடுக்குமுன், ரவுட்டர் காட்டும் வெளிமுகவரியும் இணையத்தில் தேடினால் தெரியும் உங்கள் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். வேறென்றால், இணைப்புத் தரும் கம்பனியிடம் பொது முகவரி கேட்க வேண்டும். ஒன்றாக இருந்தும் வேலை செய்யாவிட்டால், மின்வெட்டுக்குப் பின் கணினியின் உள் இலக்கம் மாறியதா என்று பாருங்கள். கடை வைஃபையில் சோதிக்காதீர்கள். கைத்தொலைபேசி டேட்டாவில் சோதியுங்கள்.

ஆனாலும் அந்த வாசல் திறக்காததில் எனக்கு இப்போது மகிழ்ச்சியே. அதே வழியாகக் கடவுச்சொல் இன்றியே நுழையக்கூடிய ஓட்டைக்கு 2019 மே மாதம் மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து. திறந்து கிடக்கும் 3389ஐக் கள்வர்கள் நாள்தோறும் தேடுகிறார்கள். கடன் கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் யாரிடம் முறையிடுவது?

கடைக் கணினி தானே வெளியே சென்று இணைந்துகொள்ளும் விபிஎன் வகைகள் உண்டு. அவற்றுக்குப் பொது முகவரியும் வேண்டாம், திறந்த போர்ட்டும் வேண்டாம். நாலாவது தடவை தம்பி அதைத்தான் பூட்டித் தந்தார். அந்தக் கூலியை மட்டும் மனம் நோகாமல் கொடுத்தேன்.