வள்ளுவருக்கு வந்த ஜனவரி 8

ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன். எம்.ஏ. தமிழ் படிக்கிற நம்ம தம்பி ஒருத்தன். "அண்ணே, அன்புடைமை முதல் குறள் 'ஜனவரி 8'னு வருதுண்ணே! காலைல கைடு கேட்பாரு!"

மேட்டர் இதுதான். ஆய்வேட்டுக்காக, குறளில் 'அன்பு' வருகிற இடத்தை எல்லாம் எக்ஸெல்லில் பட்டியல் போடணும். மொத்தம் 1,330 குறள். கன்ட்ரோல்-எஃப் அடிச்சு, காப்பி பண்ணி ஒட்டி, பையன் மூணாம் நாளே நொந்துட்டான். "பைத்தான்ல இருபது வரிடா" என்று வாய் விட்டவன் நான்தான்.

1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலிருந்து குறளை இறக்கி, வரிக்கு ஒரு குறளா அடுக்கினான். கோடு ஒவ்வொரு வரியாகப் படிக்கும். தேடுகிற சொல் இருந்தால், அதிகார எண்ணையும் குறள் எண்ணையும் சேர்த்து சி.எஸ்.வி. கோப்பில் எழுதும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கு பாஸ். 'அன்பு' என்று தேடினால் 'அன்பின்', 'அன்பிற்கும்' எல்லாம் எஸ்கேப்! யூனிகோடில் 'ப' தனி, உகரக் குறி தனி. அதனால் 'அன்ப' என்று தேடினால் எல்லாமே மாட்டும். முன் சொல்லோடு புணர்ந்து 'அ' மறைந்த இடங்களுக்கு? 'ன்ப' என்று தேடணும். கூடவே இன்பம், துன்பம், 'என்ப' எல்லாம் கூட்டமா வரும். அதைக் கண்ணால்தான் பொறுக்கணும், வேற வழியில்லை.

கோப்பை எக்ஸெல்லில் திறந்தால், முதலில் தமிழே ஜிலேபி ஜிலேபியா தெரிஞ்சது. எழுதும்போது என்கோடிங்கில் யு.டி.எஃப்-8-க்குப் பின்னால் ஒரு ஹைஃபன், எஸ்.ஐ.ஜி. என்று மூணு எழுத்து சேர்த்ததும் சரியாச்சு. அடுத்துதான் ஜனவரி. 8-ஆம் அதிகாரம், முதல் குறள் என்பதை '8-1' என்று எழுதியிருந்தான். எக்ஸெல் அதைத் தேதியாக்கிடுச்சு. '8-10' அக்டோபர்!

சிரிக்காதீங்க. இதே தொல்லையால் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே இறங்கி வந்தது. 'மார்ச்1' என்ற மரபணு 'மார்ச்எஃப்1' ஆனதை 2020-ல் உலகமே செய்தியாகப் படித்தது.

தம்பி அதை சேவ் வேற பண்ணிட்டான். அப்புறம் 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் பழைய '8-1' வராது. உள்ளே இருக்கிற ஏதோ ஐந்து இலக்க எண்தான் வரும். "அதிகாரத்துக்கு ஒரு காலம், குறளுக்கு ஒரு காலம்னு பிரிச்சு எழுதுடா. ஹைஃபனே வேணாம்" என்றேன். அப்படியேதான் வேணும்னு அடம் பிடிச்சா, ஓப்பன்பைக்செல் என்ற நூலகத்தால் நேரடியா எக்ஸெல் கோப்பாவே எழுதலாம். எழுத்து எழுத்தாகவே உட்காரும்.

ஒரு வரியை மாற்றி ஓட்டினான். ரெண்டே செகண்ட், புதுப் பட்டியல் ரெடி. மூணு நாள் கையால் ஒட்டினதா இருந்தா?

"தேங்க்ஸ்ண்ணே"னு தூங்கப் போயிட்டான். நான்தான் ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து, 'இன்பம்' எத்தனை, 'துன்பம்' எத்தனைன்னு ஓட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேன்.