'ரன்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன?

ஏதேனும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் காட்டி 'இதற்குத் தமிழில் என்ன?' என்று கேட்பது நம்மிடையே நெடுங்காலமாக ஊறிவிட்ட வழக்கம். கேட்பவரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. கேள்வியைத்தான் ஐயுறுகிறோம். கடினமான கலைச்சொற்களிடம் ஓரளவு பயன் தரும் இக்கேள்வி, ஆங்கிலத்தின் மிக எளிய சொற்களிடம் வந்ததும் தோற்றுப்போகிறது. 'ரன்' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். அதற்கு 'ஓடு' என்று பொருள் சொல்லத் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். முதுகலை முடித்தவருக்கும் அதன் பொருள்கள் முழுவதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1989-இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்னும் சொல்லுக்கு உரியது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதனை முந்தியது. அகராதியாளர் பீட்டர் கில்லிவர் அந்த ஒரு சொல்லோடு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்தார். 2011-இல் தெரியவந்த கணக்கு இது: வினையாக மட்டும் 645 பொருள்கள்.

இத்தனை பொருள்கள் எங்கிருந்து வந்தன? பழைய ஆங்கில வினையும் வடநாட்டார் மொழியின் வினையும் கலந்து உருவான சொல் இது. மனிதன் ஓடுவதும் நீர் ஓடுவதும் தொடக்கத்திலிருந்தே அதனுள் இருந்தன. 'ஆறு ஓடுகிறது' என்னும் நமக்கு இதில் வியப்பில்லை. பிற்காலத்தில் இயந்திரங்கள் வந்தன. ஆலை, புகைவண்டி, கடிகாரம், கணினி நிரல் எல்லாம் 'ஓட'த் தொடங்கின. சொல்லின் இப்பெருக்கத்தை எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் இயந்திர யுகத்தோடு தொடர்புபடுத்தினார். அது பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆயினும், இப்பொருள்கள் சொல்லுக்குள் அடைத்து வைக்கப்பட்ட சரக்குகள் அல்ல. கிரிக்கெட்டைப் பாருங்கள். பந்து உருண்டு எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் மட்டையாளர் ஓர் அடிகூட நகராமல் நான்கு 'ரன்' பெறுகிறார். ஓடியதற்கான கணக்கு, ஓடாததற்கும் கணக்காகிவிட்டது. தேர்தல் இன்னும் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு 'ஓடுகிறார்'. அதே செயலைப் பிரிட்டனில் 'நிற்கிறார்' என்பதே மரபு. நாமும் தேர்தலில் நிற்கிறோம் என்றே சொல்கிறோம். ஒரே மொழிக்குள் ஒரே செயல், ஒரு கரையில் ஓட்டமாகவும் மறுகரையில் நிலையாகவும் இருக்கிறதென்றால், பொருளைத் தருவது சொல்லா, சொல்லைப் புழங்கும் கூட்டமா?

2023 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியில் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திரும்பப் பெற முயன்றனர். அதற்கும் ஆங்கிலத்தில் 'ரன்' என்றே பெயர். இதனை 'வங்கி ஓட்டம்' என்று பெயர்த்துவிட்டால் படிப்பவருக்கு என்ன விளங்கும்? வங்கி ஓடியதா, வாடிக்கையாளர் ஓடினரா, பணத்தோடு எவரேனும் ஓடினரா? 'போட்ட பணத்தை எடுக்க ஒரே நேரத்தில் முண்டியடித்தனர்' என்றால் சொற்கள் கூடும், பொருள் தெளியும்.

மொழிபெயர்ப்பு வகுப்பில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. சளி பிடித்த சிறுவனைப் பற்றிய எளிய ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தால், 'அவன் மூக்கு ஓடிக்கொண்டிருந்தது' என்று எழுதித் தருகிறார்கள். எழுதிய மாணவரின் வீட்டில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. தம்பிக்கு மூக்கு ஒழுகுகிறது என்றுதான் அவரும் சொல்வார். துணியின் சாயம் போகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, உடம்பு காய்கிறது, கடையை நடத்துகிறார், கையிருப்பு தீர்ந்துபோனது ஆகிய அனைத்தும் அவர் நாவில் இருக்கின்றன. அகராதியின் முதற்பொருளைக் கண்டதும் அவை வாயடைத்து நின்றுவிடுகின்றன. தமிழில் சொல் இல்லை என்பதல்ல இங்கே சிக்கல். இருக்கும் சொல்லை வெளியே வரவிடாமல் தடுக்கும் 'ஒன்றுக்கு ஒன்று' என்னும் எண்ணமே சிக்கல்.

இவ்வெண்ணம் நம் இலக்கண மரபுக்கும் உரியதன்று. பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஆராய்கிறார். அத்தகைய சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்பது அவர் காட்டும் வழி. 'மா' மரமா, விலங்கா, வண்டா என்பதை உடன்வரும் சொற்களே சொல்லிவிடும். திவாகரமும் சூடாமணியும் ஒருசொல் பலபொருளுக்கெனத் தனித் தொகுதியே வகுத்தன. ஆனால் நிகண்டுகளின் கவனம் பெரிதும் பெயர்ச்சொற்களின் மீதே இருந்தது. போடு, எடு, விடு, அடி, பிடி போன்ற அன்றாட வினைகளின் வீச்சு அவற்றுள் அடங்கவில்லை. தமிழ் 'ஓடு' மட்டும் எளியதா? படம் நூறு நாள் ஓடுகிறது. எண்ணம் மனத்தில் ஓடுகிறது. கவலையில் ஒன்றும் ஓடவில்லை. குடும்பத்தை எப்படியோ ஓட்டுகிறோம். நண்பனைக் கேலிசெய்து ஓட்டுகிறோம்.

ஆகவே 645 என்னும் எண்ணைக் கண்டு ஆங்கிலத்தின் வளத்தை எண்ணி மலைப்பதோ, தமிழுக்கு அது இல்லையே என்று வருந்துவதோ தேவையற்றது. அவ்வெண் ஒரு மொழியின் செல்வத்தை மட்டும் காட்டவில்லை. ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதம் செலவிட முன்வந்த அகராதிப் பணியின் பொறுமையையும் காட்டுகிறது. 1992 முதல் வெளிவரும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் கூறி நல்ல பாதை காட்டியிருக்கிறது. ஒவ்வொரு பொருளும் எக்காலத்தில் எழுத்தில் புகுந்தது என்று ஆண்டு வரிசையில் சொல்லும் பேரகராதிதான் நமக்கு வேண்டும். பொறாமைப்படுவதாயின் நாம் பொறாமைப்பட வேண்டியது அந்த உழைப்பைக் கண்டுதான்.

அதுவரை ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சொல்லைத் தனியே பிய்த்தெடுத்துத் தமிழ் கேட்பதை விட்டு, முழு வாக்கியத்தையும் கொடுத்து 'இதை உன் வீட்டில் எப்படிச் சொல்வாய்?' என்று கேட்கலாம். இலக்கணம் படித்தவர்களுக்கு இது தரக்குறைவாகத் தோன்றலாம். ஆனால், சார்பைக் கொண்டு பொருள் தெளிக என்று நம் முதல் இலக்கணம் காட்டிய நெறியும் இதுவேதான்.